ஐந்தாம் வரிசை, இரண்டாம் கட்டில்

நான் வேலை பார்த்த மருத்துவமனையின் கணினிப் பிரிவில் இப்போது இருக்கும் பெண் சென்ற மாதம் போன் செய்தாள். பழைய கறுப்புத் திரைகளை எடுத்துவிட்டு டேப்லெட் வைக்கப் போகிறார்களாம். பழைய ப்ரோக்ராமைப் படித்துப் பார்த்துப் புதிதாக எழுதும் வேலை அவளுக்கு.

"மேடம், இதுல எல்லா இடத்துலயும் ஒய் முதல்ல வருது, எக்ஸ் அப்புறம் வருது. ஸ்கூல்ல எக்ஸ்தான முதல்ல? யாரு மேடம் இப்படித் தலைகீழா எழுதினது?"

"தலைகீழ் இல்லமா. எழுத்துத் திரைன்னா அதுதான் வழக்கம்."

"சரி மேடம். ஆனா ஒரே ஒரு எடத்துல மட்டும் மாத்திப் போட்டிருக்குது. எக்ஸ் முதல்ல. ஏன்னு ஒரு வரி கூட எழுதி வைக்கல. அத சரி பண்ணிடட்டுமா?"

"அத மட்டும் தொடாத" என்றேன். நானே எதிர்பார்க்காத அளவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. காரணத்தைப் போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக முதலில் ஒரு விஷயம். பள்ளிக்கூடத்துக் கட்டத்தாளில் ஒரு புள்ளியைக் குறிக்க, முதலில் பக்கவாட்டில் எவ்வளவு என்று எக்ஸையும், பிறகு மேலே எவ்வளவு என்று ஒய்யையும் சொல்வோம். எழுத்து மட்டுமே காட்டும் திரையில் வழக்கம் வேறு. முதலில் எத்தனையாவது வரி, பிறகு அந்த வரியில் எத்தனையாவது இடம். சினிமாக் கொட்டகையில் வரிசையைக் கண்டுபிடித்துவிட்டு அப்புறம் சீட்டைத் தேடுவது போல. இரண்டு வழக்கமும் சரிதான். ஒருவர் ஒரு வழக்கப்படி அனுப்பி, மற்றவர் இன்னொரு வழக்கப்படி வாங்கிக்கொண்டால்தான் ஆபத்து. அப்போது மூன்றாம் வரி ஏழாம் இடம் என்பது ஏழாம் வரி மூன்றாம் இடம் ஆகிவிடும். இயந்திரம் எதுவும் சொல்லாது. அதற்கு இரண்டும் வெறும் எண்கள்.

எனக்குச் சொந்த ஊர் தென்னேரி. டிப்ளமா முடித்து, காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நூல் கிடங்கில் கணினி வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டில் முதன்முதலாக நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவள் நான்தான். அங்கே என் மேலதிகாரி சபாபதி சார். பிற்பாடு அவர் மருத்துவமனைக்குப் போனபோது என்னையும் அழைத்துக்கொண்டார். ஆகவே என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி அவருக்குப் பக்கத்து மேஜையில் கழிந்தது.

சார் முன்பு தந்தி ஆபீசில் டெலிபிரிண்டர் இயக்கியவர். காகிதம் வரி வரியாக மேலே ஏறுவதைப் பார்த்தே பழகியவருக்கு உலகமே வரி வரியாகத்தான் இருந்தது. செருப்பைக் கழற்றாமல் கணினி அறைக்குள் வரமாட்டார். திரையில் விரல் வைக்கமாட்டார், மூடிய பேனாவால் காட்டுவார். "தப்பு எங்கமா?" என்று கேட்டால், நாம் முதலில் வரியைச் சொல்ல வேண்டும். அவர் "ம்" என்ற பிறகுதான் இடத்தைச் சொல்ல வேண்டும். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் காதில் விழாததுபோல இருப்பார். அலமாரியில் சர்க்கரை டப்பா எங்கே என்று கேட்டாலும் அதே கதைதான். "ரெண்டாவது தட்டு." "ம்." "ஓரத்துலருந்து மூணாவது." அவர் சத்தம் போட்டுத் திட்டி நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை நாம் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு தலைப்பைத் திரையின் நடுவில் வரவைக்க எழுதினேன். எண்களை மாற்றிக் கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது. தலைப்பு வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. "சார், எழுதினது எங்கயோ போயிடுச்சு" என்றேன்.

"எங்கயும் போகலமா. இந்தத் திரையில மொத்தம் எத்தன வரி? நீ அதத் தாண்டி ஒரு வரியில எழுதச் சொல்லிக்கிற. அது அங்கதான் எழுதிக்கினு இருக்குது. அந்த வரி இல்ல, அவ்வளவுதான்."

இல்லாத வரியில் ஏதோ நின்றுகொண்டிருக்கிறது என்ற அந்த நினைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்கூட அது மனதில் இருந்தது.

மருத்துவமனைக்கு வருகிறேன். ஊருக்கு வெளியே, வாலாஜாபாத் சாலையில் இருந்தது. நெடுநாள் படுக்கையில் இருக்கும் பெண்களுக்காக ஒரு புதிய வார்டு திறந்தார்கள். பக்கத்தில் ஓட்டமில்லாமல் பூட்டிக் கிடந்த கல்யாண மண்டபத்தை வாங்கி அப்படியே வார்டாக்கிவிட்டார்கள். கூடத்தில் வரிசைக்கு ஆறு கட்டில், மொத்தம் ஆறு வரிசை. மணமேடையில் நர்ஸ்களின் மேஜை. மேடையின் இரண்டு பக்கமும் சுதை மயில்கள். பின்சுவரில் மணமக்கள் பெயரை ஒட்டி ஒட்டி எடுத்த பசைத் தடம் வெள்ளையடித்த பிறகும் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் ஏதோ ஒரு பெண்ணின் பெயரில் பாதியைப் படிக்கலாம்.

ஒவ்வொரு கட்டிலிலும் வயரில் தொங்கும் ஒரு சுவிட்ச். நோயாளி அழுத்தினால் மேடையிலிருக்கும் கறுப்புத் திரையில் அந்தக் கட்டிலின் இடத்தில் ஒரு நட்சத்திரம் மினுக்கும், கூடவே பஸ்ஸர் அடிக்கும். மேஜையில் ஒரு பொத்தானைத் தட்டினால் இரண்டும் நிற்கும். திரையில் படம் கிடையாது. சதுர அடைப்புக்குறிகள் ஆறு வரி, வரிக்கு ஆறு. அவ்வளவுதான். கட்டில்களுக்குப் பெயரும் அப்படியே. இரண்டாம் வரிசை ஐந்தாம் கட்டில் என்றால் "ரெண்டு-அஞ்சு". திரைக்கான ப்ரோக்ராம் சபாபதி சார் முன்பு வேறொரு வார்டுக்காக எழுதியது. சுவிட்சுகளிலிருந்து வரும் வயர்களை வாங்கி எண்ணாக அனுப்பும் பெட்டி மட்டும் வெளியூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து புதிதாக வந்தது. பொருத்தியதும் அந்தக் கம்பெனியின் ஆட்கள்தான். எல்லாச் சுவிட்சையும் ஒரே நேரத்தில் அழுத்திக் காட்டினார்களாம். திரை முழுக்க நட்சத்திரம். மருத்துவமனை மேலாளர் கை தட்டினாராம்.

வார்டு திறந்து சில வாரம் கழித்து ஒரு மத்தியானம் நாகரத்தினம் சிஸ்டர் எங்கள் அறைக்கு வந்தார். அந்த வார்டுக்குத் தலைமை நர்ஸ். எதற்கும் கலங்காத ஆள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எஸ்தர் மேடம், நான் சொல்றத கேட்டுட்டு சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"ரெண்டு-அஞ்சுல கன்னியம்மான்னு ஒரு வயசான ஆயா இருந்தாங்க இல்ல? இடுப்பு எலும்பு ஒடைஞ்சு வந்தவங்க. மொத வாரத்துலயே தவறிட்டாங்க. அன்னிக்கு அந்தக் கட்டில்லருந்து மணி அடிச்சுதுன்னு நான்தான் ஓடினேன். தொண்டை அடைச்சு மூச்சு இழுத்துக்கினு இருந்தாங்க. ஆக்சிஜன் வச்சோம், டாக்டர் வந்தாரு, நிக்கல. எல்லாம் முடிஞ்சப்புறம் பாக்கறேன், சுவிட்ச் கட்டிலுக்கு அடியில தரையில கெடக்குது. ஒரு கையில ட்ரிப்ஸ், அசைக்காம கட்டி வச்சிருந்தோம். இன்னொரு கை போர்வைக்குள்ள. அப்ப அழுத்தினது யாரு மேடம்?"

கையிலிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

"அதக் கூட விட்டுட்டேன். அந்தக் கட்டில் இப்ப காலி. ஆனா தெனமும் கூப்டுக்கினே இருக்குது. போய்ப் பாத்தா வெறும் மெத்தை. சுவிட்ச் கெட்டுப்போச்சுன்னு எலெக்ட்ரீஷியன வச்சு வயர வெட்டி எடுத்தாச்சு. வெட்டினப்புறமும் கூப்புடுது."

"வெட்டினப்புறமுமா?"

"நீங்களே வந்து பாருங்க. யாரும் அந்தப் பக்கம் போக மாட்டேங்கறாங்க. நாங்களும் இப்பல்லாம் எழுந்து போறதில்ல. மேடையிலருந்தே பொத்தானத் தட்டிடறோம்."

அவர் கடைசியாகச் சொன்னது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வெட்டிய வயர்தான் மனதில் நின்றது.

அன்று ஐப்பசி மழை. மத்தியானமே கூடம் இருட்டியிருந்தது. மின்சாரம் குறைவாக வந்ததால் விளக்குகள் பழுப்பாக எரிந்தன. கட்டில்களில் பாதி காலி, மீதியில் சாப்பிட்ட மயக்கத்தில் தூங்கும் கிழவிகள். மேடையேறித் திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். மழைச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. கால் குளிர்ந்துபோனதால் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

பஸ்ஸர் அடித்தது. ரெண்டு-அஞ்சு. நட்சத்திரம் நிதானமாக மினுக்கியது.

"பாத்தீங்களா" என்றார் சிஸ்டர், மெல்ல.

மேடையிலிருந்து இறங்கி அந்தக் கட்டிலருகே போனேன். உறையில்லாத மெத்தை. தலைமாட்டில் வேப்பிலைக் கொத்து, ஒரு விபூதிப் பொட்டலம். யாரோ ஒரு சின்னச் சிலுவையையும் நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வெட்டிய வயரின் நுனியில் டேப் சுற்றியிருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். அது எதனோடும் சேர்ந்திருக்கவில்லை. சிஸ்டர் மேடையில் பொத்தானைத் தட்டினார், சத்தம் நின்றது. நான் அந்த நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே மறுபடி அடித்தது.

"அதேதான் மேடம்! ரெண்டு-அஞ்சு!"

வயரை விட்டுவிட்டேன். யாரோ என் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. மனதுக்குள் ஜெபத்தைத் தொடங்கினேன். மெல்லத் திரும்பினேன்.

கூடத்தின் பின்பகுதியில், குறுக்காக, ஒரு கட்டிலில் ஒரு பெண் விழித்திருந்தார். முகத்தின் ஒரு பாதி தொங்கியிருந்தது. மற்றவர்கள் எல்லாம் கண் மூடியிருக்க, அவர் மட்டும் என்னையே பார்த்தார். அந்தப் பார்வையை எப்படிச் சொல்வது? பயமோ கெஞ்சலோ அதில் இல்லை. நம்மைத் திருப்பிப் பார்க்க முடியாத ஒன்றைப் பார்ப்போமே, சினிமாத் திரையையோ போட்டோவையோ, அப்படிப் பார்த்தார். நான் அவரை நோக்கி நடந்தபோது அவர் கண்கள் பெரிதாகிக்கொண்டே வந்தன. நான் வேறு எங்கோதான் போகிறேன் என்று நினைத்தவர் போல என் வழியைக் கண்ணால் அளந்தார். பக்கத்தில் போய் நின்றேன். அவரது நல்ல கையில் சுவிட்ச் இருந்தது. கட்டைவிரல் அதன்மேல் அழுந்தியது.

"மேடம், மறுபடியும் ரெண்டு-அஞ்சு!" என்று மேடையிலிருந்து குரல் வந்தது.

நான் நின்றிருந்தது ஐந்தாம் வரிசை, இரண்டாம் கட்டில்.

ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதும் பயம் போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. அந்தப் பெண்ணின் உதடு வெடித்திருந்தது. முதுகுப் பக்கமிருந்து படுக்கைப் புண்ணின் வாடை வந்தது. அவர் கையைத் தொட்டேன், ஐஸ் மாதிரி இருந்தது. என் விரலைப் பிடித்துக்கொண்டவர் விடவே இல்லை.

"சிஸ்டர், இங்க வாங்க. தண்ணி எடுத்துக்கினு வாங்க. உங்கள கூப்டது இவங்கதான்."

அவர் பெயர் வள்ளியம்மாள். மாகறல்காரர். பக்கவாதத்தில் பேச்சு போய், ஒரு பக்கம் விழுந்துபோய் வந்தவர். வேளாவேளைக்குக் கஞ்சி கொடுத்தார்கள், துணி மாற்றினார்கள். நடுவில் தாகமெடுத்தாலோ முதுகு எரிந்தாலோ சொல்ல அவருக்கு அந்தச் சுவிட்ச் மட்டும்தான் இருந்தது. மற்ற கட்டில்களிலும் இதே குளறுபடி நடந்திருக்கிறது. ஆனால் அவர்கள் "சிஸ்டர்!" என்று வாய்விட்டுக் கூப்பிட்டார்கள். தவறான கட்டிலில் மணி அடித்ததை, கிழவிகள் தெரியாமல் அழுத்திவிட்டார்கள் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். கன்னியம்மாள் உயிரோடு இருந்தபோது அழுத்தியதெல்லாம் வள்ளியம்மாளின் இடத்தில் மினுக்கியிருக்கிறது. நர்ஸ்கள் போய்ப் பார்த்து, இவருக்கு ஒன்றுமில்லை, சும்மா அழுத்துகிறார், மூளையும் கலங்கிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நாகரத்தினம் சிஸ்டர் தண்ணீர்க் குவளையோடு வந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. வள்ளியம்மாளுக்கு ஸ்பூனால் தண்ணீர் கொடுத்து முடித்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மேடையிலருந்தே நிறுத்திக்கினு இருந்தேனே. தெனமும்" என்றார்.

சபாபதி சாருக்குச் சொல்லி அனுப்பினேன். நனைந்த குடையோடு வந்தார். வார்டு வாசலிலும் செருப்பைக் கழற்றினார். நான் விஷயத்தைச் சொல்லத் தொடங்கியதும் கையமர்த்தி, "முதல்ல பாத்துடலாம்" என்றார். அவர் திரைக்கு முன்னால் நின்றுகொண்டார். நான் கட்டில் கட்டிலாகப் போய்ச் சுவிட்சை அழுத்தி, நிற்கும் இடத்தைச் சத்தமாகச் சொன்னேன். அவர் திரையில் தெரிந்ததைச் சொன்னார்.

"ஒண்ணு-ஒண்ணு சார்."

"ஒண்ணு-ஒண்ணு."

"ஒண்ணு-ஆறு."

"ஆறு-ஒண்ணு."

"மூணு-மூணு."

"மூணு-மூணு."

"நாலு-ரெண்டு."

"ரெண்டு-நாலு."

கூடத்தை ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக மடித்துவைத்தது போலிருந்தது. மடிப்பின்மேல் இருந்த கட்டில்கள் மட்டும் தங்கள் இடத்தில் இருந்தன. மற்ற ஒவ்வொன்றும் இன்னொன்றின் பெயரில் பேசியது. கிழவிகள் விழித்துக்கொண்டு, படுத்தபடியே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

மேலாளர் வந்துவிட்டார். பெட்டிக்கு வாரண்டி இருக்கிறது, கம்பெனி ஆள் வரும்வரை எதையும் தொடக்கூடாது என்றார்.

சார் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னைக் கேட்டார். "பெட்டி என்ன அனுப்புதுமா?"

"பக்கவாட்டு எண் முதல்ல சார்."

"ம். நம்ம ப்ரோக்ராம் என்ன வாங்குது?"

"வரிசை முதல்ல."

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"என் ப்ரோக்ராம்ல தப்பு இல்ல."

"இல்ல சார்."

"பெட்டிக்காரன் மேலயும் தப்பு சொல்ல முடியாது. அவன் வழக்கம் அது." கண்ணாடியை மாட்டிக்கொண்டு வள்ளியம்மாளின் பக்கம் பார்த்தார். "அப்ப தப்ப நான்தான் பண்ணணும்."

உட்கார்ந்து ஒரே ஒரு இடத்தில் இரண்டு எண்களையும் மாற்றிப் போட்டார். எதையும் ஏன் என்று எழுதிவைக்காமல் விடாத மனிதர். "காரணம் எழுதிடட்டுமா சார்?" என்று கேட்டேன். "வேணாம், கம்பெனிக்காரன் வந்தா திரும்ப மாத்திடப்போறோம்" என்றார். அந்தக் கம்பெனி ஆள் வரவேயில்லை. அந்தப் பெண் போனில் கேட்டது இந்த வரியைத்தான்.

மாற்றிய பிறகு, வள்ளியம்மாளை அழுத்தச் சொன்னோம். அவர் உடனே அழுத்தவில்லை. எங்களையும் அந்தக் காலிக் கட்டிலையும் பார்த்தார். பிறகு அழுத்தினார். சிஸ்டர் மேடையிலிருந்து ஓடிவந்தார். ஓடிவந்த சிஸ்டரை வள்ளியம்மாள் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. நேராகத் தன்னிடம் வந்து நிற்கும்வரை அவர் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார்.

அவருக்குப் புண் ஆற மாதங்கள் ஆயின. நாகரத்தினம் சிஸ்டரே தினமும் கட்டு மாற்றினார், வேறு யாரையும் விடவில்லை. பயிற்சி கொடுக்கக் கொடுக்க ஒன்றிரண்டு சொல் வந்தது. அப்புறம் மாகறலுக்கு வீட்டுக்குப் போய்விட்டார். மறு வருஷம் பரிசோதனைக்கு வந்தபோது, பட்டுக்கடையில் வேலை செய்யும் அவர் மகள், "அம்மா உங்கள பாக்கணும்னு ஒரே பிடிவாதம்" என்று எங்கள் அறைக்கு அழைத்து வந்தாள். கைத்தடியோடு நடந்தே வந்து உட்கார்ந்தார். நாக்கு இன்னும் குழறியது, ஆனால் புரிந்தது.

அன்று கன்னியம்மாளுக்காக அழுத்தியது அவரா என்று கேட்டேன். வெகுநாளாக அதைக் கேட்க நினைத்திருந்தேன்.

"ஆமாம்மா. அந்தக்கா மூச்சு முட்டி துடிச்சுது. நான் பாத்துக்கினு இருக்கறேன். கத்த வாய் வரல. என் சுச்ச அமுக்குனேன். என்கிட்ட வராம நேரா அந்தக்காகிட்ட ஓடுனாங்க. நல்ல மணியா இருக்குதேன்னு நெனச்சேன். யாருக்கு வேணுமோ அவங்ககிட்ட போவுதேன்னு."

சற்று மூச்சு வாங்கினார்.

"மறுநாள் எனக்குத் தண்ணி வேணும்னு அமுக்குனேன். அப்பவும் அங்கதான் போனாங்க. வெறும் கட்டில பாத்தாங்க. என் பக்கம் திரும்பல. தெனமும் அப்படியே. கொஞ்ச நாள் போனா அதுகூட இல்ல, யாரும் எழுந்தே வரல. நானும் யோசிச்சுப் பாத்தேன். அந்தக்கா சாவல, செத்தது நான்தான்னு புரிஞ்சுபோச்சு."

"என்னம்மா பேசற" என்றாள் மகள். "தெனமும் கஞ்சி குடுத்தாங்க இல்ல? ஒடம்பு தொடச்சு விட்டாங்க இல்ல?"

"செத்தவங்களையும் குளிப்பாட்டுவாங்க, வாயில பால் ஊத்துவாங்க. ஞாயித்துக்கெழமை ஆனா நீ வந்து பக்கத்துல ஒக்காந்து அழுவ. வேற என்னன்னு நான் நெனைக்கறது?"

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான்தான் கேட்டேன்.

"அப்புறம் எப்பம்மா இல்லன்னு தெரிஞ்சுது?"

வள்ளியம்மாள் கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்தார். என் கையை எடுத்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார்.

"நீ வந்து தொட்ட பாரு, அப்போ. உன் கை சுட்டுது."

வாசலில் ஆட்டோ ஹாரன் அடித்தது. மகள் "போலாமா?" என்று கேட்டாள். அவர் கையை விடவில்லை. இன்னும் சூடு இருக்கிறதா என்று பார்ப்பவர் போல, கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.